தகுதி பார்த்துக் கொடுத்த இயந்திரம்

அக்காவின் முகம் காலை வேளைகளில் வீங்கத் தொடங்கியபோது எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த டிரஸர் கொடுத்தது ரோஸ் நிறத் தண்ணீர். காய்ச்சலுக்கும் அவர் அதையேதான் கொடுப்பார். வயிற்றுப்போக்குக்கும் அதேதான். பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் போத்தல் நிறைய ஊற்றித் தருவார். பெரிய டாக்டர் என்ற நினைப்பு அவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் தெர்மாமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அதை யார் வாயிலாவது வைத்து நான் பார்த்ததில்லை.

"தூங்கி எந்திரிச்சா மொகம் வீங்காம என்னா செய்யும்? சோத்தக் கொறச்சிக்க. வேலைக்குப் போலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. அக்கா கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதே தோட்டத்தில் லோரியில் பால் ஏற்றும் வேலை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு அப்பா அம்மாவும் இல்லை. நான் கமுந்திங்கில் ஒரு நூல் பேக்டரியில் ஷிப்ட் வேலை செய்துகொண்டு, சக பெண்களோடு ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். லீவு கிடைக்கும்போது தோட்டத்துக்கு வருவேன். அப்படி வந்த ஒருநாள் அக்காவின் கெண்டைக்காலை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"இதையாவது அந்த ஆளுகிட்ட காட்டினியா?"

"காட்டினேன். உப்பக் கொறன்னாரு. மறுவாரம் போனா ஒடம்புல உப்பு பத்தலன்னாரு. அந்த ஆளு வீட்டுல சமையல் சரியில்ல போல, அதான் எப்பவும் உப்புலயே நிக்கிறாரு."

அக்கா அப்படித்தான் பேசுவாள். அவளுக்கு வாய் அதிகம் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்ததுதான் அந்தத் தோட்டத்தின் பெரிய வியாதி என்று நான் நினைப்பதுண்டு.

ஒரு விடிகாலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போதே, அக்கா சரிந்து விழுந்தாள். தோட்டத்து வேனைக் கேட்டு மாமா ஆபீசுக்கு ஓடினார். வேன் ஈப்போவுக்குப் போயிருந்தது. அன்றைக்குத் துரையின் கிளப்பில் விருந்து, அதற்கு ஐஸ் கட்டியும் பீரும் ஏற்றிவர வேண்டுமாம். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் பல வருஷம் ஆகிவிட்டது. அதே நாற்காலியில் நம்மவர் ஒருவர் அதே அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முழங்காலின் நிறம் மாறியது. வேறு மாற்றம் எதுவும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

மாமா தன் பழைய மோட்டார் சைக்கிளில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, அவள் விழாமல் இருக்கக் கைலியால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கோலா கங்சாருக்கு ஓட்டினார். அந்த மனிதரைப் பற்றிப் பின்னால் நான் நல்லதாக எதுவும் சொல்லப்போவதில்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அங்கே எங்களுக்கு ஊசி போட்ட நர்ஸ் மிஸ்ஸிகள் நல்லவர்கள். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முடிவு செய்தவர்கள்தான் வேறு ரகம்.

வார்டில் ஒரு இளம் டாக்டர் அக்காவின் கட்டில் அருகில் நின்று, அக்காவைப் பார்க்காமல் என்னிடம் இங்கிலீஷில் பேசினார். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, இனி வேலை செய்யாது என்றார். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வைத்துப் புரிந்துகொண்டு அக்காவுக்கு நான் தமிழில் சொன்னேன்.

"ரெண்டுமா?" என்றாள் அக்கா. "ஒண்ணையாவது விட்டுவச்சிருக்கக் கூடாது?" பிறகு டாக்டரைக் காட்டி, "அவரு ஏன் ஒன்னையே பாத்துப் பேசுறாரு? கிட்னி ஒனக்கா போச்சி?" என்று கேட்டாள்.

வயிற்றில் துளை போட்டு விறைப்பான ஒரு குழாயைச் செருகினார்கள். மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு, ஊறவைத்து, வெளியே எடுத்தார்கள். மறுபடியும் விட்டார்கள். இரவும் பகலும் புரளாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். வீக்கம் வடிந்து அக்கா மறுபடியும் அக்காவாக ஆனாள். வீட்டுக்குப் போய்ச் சில நாள் கழிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். ஒவ்வொரு தடவையும் வயிற்றில் புதுத் துளை. "குழம்புச் சட்டியக்கூட இத்தன தடவ கழுவுனா ஓட்ட விழுந்துரும்" என்றாள்.

வார்டில் ஒரு வயதான மிஸ்ஸிதான் எங்களிடம் இயந்திரத்தைப் பற்றிச் சொன்னார். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் மெஷின். அதைப் பழகிக்கொண்டால் வருஷக் கணக்கில் வாழலாம். "ஆனா கமிட்டி பாக்கணும்லா. மெஷின் கொஞ்சம், ஆளு நெறைய" என்றார்.

கமிட்டி என்றால் ஒரு மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். பெரிய டாக்டர் ஒருவர், மேட்ரன், சமூகநல அதிகாரியான ஒரு அம்மா. அந்த அம்மா தமிழர். டவுனில் பிறந்து டவுனில் படித்தவர். சூடான கிழங்கை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோலத் தமிழ் பேசுவார். அக்காவின் நோயைப் பற்றி அவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"வீட்டில குழாய்த் தண்ணி இருக்கா?"

"லயத்துக்குப் பொதுக் குழாய் இருக்கு. வாளியில புடிச்சி வப்போம்."

"கரண்ட்?"

"சாயங்காலம் என்ஜின் போடுவாங்க. படுக்கிற நேரத்துக்கு நிறுத்திருவாங்க."

"பிள்ளைங்க?"

"இல்ல."

அந்த அம்மா பெரிய டாக்டரைப் பார்த்தார், பெரிய டாக்டர் மேட்ரனைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் பேசியதன் சாரம் இதுதான்: ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, இயந்திரத்தை வீட்டுக்கே கொடுத்துப் பழக்கித்தான் அனுப்ப முடியும், இந்த வீட்டில் வைக்க முடியாது, அதோடு இவளை நம்பி யாரும் இல்லை.

பிள்ளை இல்லாதவள் உயிரோடு இருந்து யாருக்கு லாபம் என்பதுதான் அந்தக் கடைசி வரியின் அர்த்தம். குழாய் இல்லாதது தோட்ட நிர்வாகத்தின் குற்றம். தண்டனையை அக்கா அனுபவிக்க வேண்டும். இப்படி ஒரு நியாயத்தைக் கண்டுபிடிக்க மூன்று பேர் படித்துப் பட்டம் வாங்கியிருந்தார்கள்.

"சப்பாரா இருங்கம்மா" என்று அந்த அம்மா பொறுமையை உபதேசித்தார்.

"இருக்கேன்" என்றாள் அக்கா. "நீங்க ஒருநாள் ஒண்ணுக்குப் போவாம சப்பாரா இருந்து பாருங்க. அப்பறம் பேசலாம்."

நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செய்தி பரவியதும் ஆலோசகர்கள் கிளம்பினார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு உதவி செய்யத் தெரியாது, வைத்தியம் சொல்லத் தெரியும். ஒருவர் கோயில் விபூதியைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் நெருஞ்சி முள்ளைக் கஷாயம் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். பீடோரிலிருந்து வந்த சித்தப்பா ஒரு குலை இளநீரை இறக்கினார். "குளிர்ச்சி, நீர நல்லா எறக்கும்" என்றார். இளநீரும் வாழைப்பழமும் அக்காவின் நெஞ்சை நிறுத்திவிடும் என்று மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "அவங்களுக்கு என்ன தெரியும், நாங்க எத்தனை பேரப் பாத்திருக்கோம்" என்றார் சித்தப்பா. அவர் பார்த்த அத்தனை பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அக்கா கேட்டாள். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இளநீரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வீடுதான் குறை என்றால் வீட்டை மாற்றிவிடலாம். கமுந்திங் வேலையை விட்டேன். ஈப்போவில் ஒரு சீனர் தையல் கடையில் காஜா எடுக்கும் வேலை கிடைத்தது. ஊர் ஓரத்தில், உள்ளே குழாயும் விடிய விடியக் கரண்டும் இருந்த ஒரு பலகை வீட்டைப் பிடித்தேன். வீட்டுக்காரி கான்டனீஸ் மட்டும் பேசும் விதவை. வீட்டில் வியாதிக்காரி இருப்பாள் என்று மலாயிலும் கையாலும் சொன்னேன். அவள் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கெசியான்" என்றாள். பாவம் என்று அர்த்தம். எங்கள் ஜாதி சனம் அத்தனை பேரும் சேர்ந்து சொல்லாததை அவள் ஒரே வார்த்தையில் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

மாமா வரவில்லை. "வேலைய விட்டா லயத்து வீட்ட எடுத்துக்குவாங்கலா. அப்பறம் நாம எங்க போறது?" என்றார். ஒரு அறையும் ஒழுகும் கூரையும் கொண்ட அந்த அரண்மனையைக் காவல் காக்க அவர் அங்கேயே இருந்துகொண்டார். முதலில் வாரா வாரம் வந்தார், ஒவ்வொரு தடவையும் கையில் வாழைப்பழச் சீப்போடு. எத்தனை முறை சொன்னாலும் வாழைப்பழம்தான். பிறகு வருவது குறைந்தது. தோட்டத்தில் இன்னொருத்தி அவருக்குச் சமைத்துப் போடுகிறாள் என்று கேள்விப்பட்டோம். நான் கொதித்தேன்.

"விடு" என்றாள் அக்கா. "அவருக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. யாராச்சும் சோறு போடணும்ல." முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் கமிட்டியின் முன்னால் போய் நின்றோம். குழாய் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, பக்கத்தில் இருந்து ஊசி போட நான் இருக்கிறேன், இங்கிலீஷும் வாசிப்பேன் என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். பெரிய டாக்டர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். சமூகநல அம்மா சும்மா இருக்கவில்லை.

"இவங்க இன்னும் கல்யாணம் ஆகாதவங்க, டாக்டர். நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போயிட்டா மெஷின யாரு பாக்குறது?"

அக்கா சிரித்துவிட்டாள். "பிள்ளை இல்லன்னு என்னத் தள்ளிவச்சீங்க. இப்ப கல்யாணம் ஆவலாம்னு அவளத் தள்ளிவக்கிறீங்க. ஒங்களுக்கு என்னாதாம்மா வேணும்?"

பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். பரிசீலித்து, காலியாக இருந்த இயந்திரத்தை ஒரு பெரிய ஆபீசில் வேலை பார்த்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவரும் தமிழர்தான். சொந்தக் கார், சொந்த வீடு, வீட்டில் குழாய்கள் பல. மனைவி டீச்சர். பிள்ளைகள் உண்டு. எல்லாத் தகுதியும் நிறைந்த நோயாளி. வார்டு வராந்தாவில் எங்களைத் தாண்டிப் போகும்போது, தோட்டத்து வாசனை ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல ஒதுங்கிப் போவார்.

அக்கா பழைய வயிற்றுக் கழுவலுக்கே திரும்பினாள். ஒருமுறை துளையில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. அந்தத் தடவை அவள் கேலி பேசவில்லை. "முடியல, பாப்பா. போதும்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். என்னைச் சின்ன வயதில்தான் பாப்பா என்று கூப்பிடுவாள். ஈரத் துணியால் அவள் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காய்ச்சல் இறங்கி, அவள் எழுந்து உட்கார்ந்த வாரத்தில் மிஸ்ஸி வந்து இயந்திரம் காலியாகிவிட்டது என்றார். "செத்துட்டாரா?" என்று கேட்டேன். இல்லை. இந்தியாவுக்குப் போய்விட்டார். அங்கே கிட்னி கிடைக்கிறது, மாற்றி வைத்துக்கொண்டு வருவார். தகுதியுள்ளவர்களின் வரிசையில் அடுத்து யாரும் உயிரோடு இல்லாததாலோ, பெரிய டாக்டருக்கு என் இங்கிலீஷ் ஞாபகம் வந்ததாலோ, இயந்திரம் எங்களுக்கு வந்தது. இன்றுவரை காரணம் தெரியாது. நான் நன்றி சொல்லவில்லை. அக்காவையும் சொல்லவிடவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் அரசாங்க இயந்திரத்தை அரசாங்கத்துக்குப் பால் வெட்டி வரி கொடுத்த ஜனத்துக்குக் கொடுப்பதற்கு எதற்கு நன்றி?

ஆஸ்பத்திரியில் வைத்து எங்களைப் பழக்கினார்கள். அக்காவின் கையில் ரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்துத் தைத்தார்கள். தொட்டால் பூனை உறுமுவதுபோல அதிரும். அதில் தடித்த ஊசிகளைக் குத்த நான் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஊசியைத் தோல்வரைக்கும் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்தேன். "பட்டன் தைக்கிறவதான நீ? சட்டைன்னு நெனச்சிக் குத்து" என்றாள். குத்தினேன். ரத்தம் குழாயில் ஏறிச் சுற்றிவந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் பசிக்கிறது என்றாள்.

பழகிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த ஆபீஸ்காரர் சோதனைக்கு வந்தார். முகம் உப்பிப் பளபளவென்று இருந்தது. மிஸ்ஸிகளுக்கெல்லாம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த இனிப்பைக் கொடுத்தார். தன் பழைய இயந்திரத்தில் அக்கா கிடப்பதைப் பார்த்ததும் பெருந்தன்மை பொங்கிவிட்டது. அருகில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கீங்க, அக்கா? நீங்களும் இந்தியா போயிட்டு வந்துரலாம். ரொம்ப ஈஸி. எல்லாம் ஏஜண்டே பாத்துக்குவான்."

"யாரோடதுங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எது?"

"உள்ள வச்சிருக்கீங்கள்ல, அது."

அவர் கொஞ்சம் தடுமாறினார். "யாரோ டோனர். கூலி வேலை செய்யற ஆளுன்னு சொன்னாங்க. நல்லா ஆரோக்கியமான ஆளு."

"பேரு?"

"அதெல்லாம் கேக்கக் கூடாதுலா. ரூல்ஸ் இருக்கு."

"எந்த ஊரு? எங்க ஊருப் பக்கமா இருக்கப் போவுது. எங்க தாத்தா அங்கேர்ந்துதான் கப்பல் ஏறுனாரு. ஏறாம இருந்திருந்தா இந்நேரம் எங்க தம்பியோ அண்ணனோ ஒங்க வயித்துல இருந்திருப்பான்."

அவர் சிரிக்க முயன்று, முடியாமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். இனிப்புப் பெட்டியில் எங்களுக்கும் இரண்டு துண்டு மிச்சம் இருந்தது. மிஸ்ஸி நீட்டினார். அக்கா வேண்டாம் என்றாள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல நெய். என் கோபம் அவர்மேல்தான், நெய்மேல் இல்லை.

இயந்திரம் ஈப்போ வீட்டுக்கு வந்தது. முன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினோம். வாரத்துக்கு மூன்று நாள், தையல் கடை விட்டு வந்ததும் அக்காவை அதனோடு இணைப்பேன். பாதியில் கரண்ட் போனால் கைப்பிடியைச் செருகிக் கையாலேயே பம்பைச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் வெளியே இருக்கும் ரத்தம் உறைந்துவிடும். அப்படி ஒரு மழை நாளில் நான் தனியாகச் சுற்றிச் சுற்றிக் கை மரத்துப்போய்க் கத்தினேன். பின்கட்டிலிருந்து வீட்டுக்காரி ஓடிவந்து கைப்பிடியை வாங்கிக்கொண்டாள். கரண்ட் திரும்பும்வரை இருவரும் மாற்றி மாற்றிச் சுற்றினோம். அவள் கான்டனீஸில் மின்சாரக்காரர்களைத் திட்டினாள் என்று நினைக்கிறேன். குரல் அப்படி இருந்தது.

அக்கா பல வருஷம் வாழ்ந்தாள். ஒரு கோப்பைத் தண்ணீரை நாள் முழுக்க வைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். உப்பில்லாமல் சமைத்தாள். வீட்டிலிருந்தபடியே நான் கொண்டுவரும் சட்டைகளுக்குப் பட்டன் தைத்தாள். அக்கம் பக்கத்துப் பெண்களின் புருஷன்மார்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்தாள். சமூகநல அம்மா ஒருமுறை வீட்டைப் பார்க்க வந்தார். சுத்தமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "தோட்டத்து ஆளுங்களே இப்படிப் பாத்துக்கும்போது…" என்று ஆரம்பித்தார். அக்கா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், பால் இல்லாமல்.

எனக்கு இரண்டு வரன்கள் வந்தன. இயந்திரத்தைப் பார்த்ததும் இரண்டும் திரும்பிப் போய்விட்டன. எட்டிப்பார்த்து ஓடிப்போனவர்களை நினைத்து வருத்தப்படுவதற்கு எனக்கு நேரம் இருந்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், அக்கா நீட்டுப் பயற்றங்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடைக்கிறது என்றாள். நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்து வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. நெஞ்சு பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார்.

சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். வராதவர்களே இல்லை. மாமா எல்லாரையும்விடச் சத்தமாக அழுதார். பீடோர் சித்தப்பா, "நான் சொன்ன வைத்தியத்த ஒழுங்கா செஞ்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா" என்றார். தோட்டத்திலிருந்து யாரோ ஒரு மலர்வளையம் அனுப்பியிருந்தார்கள். வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை, வீட்டுக்காரி தன் வீட்டிலிருந்து தூக்கிவந்து போட்டாள்.

காரியம் முடிந்தபின் ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து இயந்திரத்தை எடுத்துப்போனார்கள். நான் அதை முதல் நாளே மருந்து விட்டுக் கழுவி வைத்திருந்தேன். முன் அறை திடீரென்று பெரியதாகத் தெரிந்தது. என் பாயை அங்கே விரித்துப் படுத்தேன். பகல் முழுக்கத் தூங்கினேன், மறுநாள் கடைக்கும் போகவில்லை. எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது. அழுகையும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. நிம்மதி என்று நான் சொன்னபோது ஒரு அத்தை முகத்தைச் சுளித்தார். அவருக்கு ஒரு ஊசியைப் பிடிக்கத் தெரியுமா, ஒரு நாளாவது வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாரா? சுளித்துவிட்டுப் போகட்டும்.